2007-இன் இண்டி ராக்: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இண்டி ராக் கேட்க ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று யாரிடமாவது கேட்டால் நீளமான பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். நாற்பது வருட வரலாறு, நூறு இசைக்குழுக்கள். பட்டியலைப் பார்த்ததுமே ஆசையில் பாதி வற்றிவிடும். என் யோசனை வேறு. ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்தில் வந்த ஐந்து ஆல்பங்களை முழுதாக, பாட்டின் வரிசை மாறாமல் கேளுங்கள். அதற்கு ஏற்ற வருடம் 2007.

அந்த வருடத்து ஆல்பங்களைச் சுற்றி இருந்த பரபரப்பு எப்போதோ அடங்கிவிட்டது. எது தாக்குப்பிடித்தது, எது காணாமல் போனது என்று இப்போது தெளிவாகத் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரிய கம்பெனியின் கையில் சிக்காமல் இசை செய்வதுதான் இண்டி; அதற்கு எத்தனை வழிகள் உண்டோ, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரே வருடத்தில் நடந்து பார்க்கப்பட்டன. எந்த வழியில் போனார்கள் என்பது ஆல்பத்தின் ஒலியிலேயே கேட்கும்.

படி 1: யார் காசு என்று பாருங்கள்

2007-இல் உலக இசைச் சந்தையின் பெரும்பகுதி யூனிவர்சல், சோனி பிஎம்ஜி, வார்னர், ஈஎம்ஐ என்ற நான்கு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. இப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒப்பந்தமானால் முதலில் முன்பணம் கிடைக்கும். பிறகு உங்கள் பங்கான ராயல்டியிலிருந்தே அதைக் கழித்துக்கொள்வார்கள். கணக்குத் தீரும்வரை ஆல்பம் எவ்வளவு விற்றாலும் கைக்குக் காசு வராது. மூல ஒலிப்பதிவும் பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தம்.

லேபிள் எனப்படும் சின்ன வெளியீட்டு நிறுவனங்களின் கணக்கு எளிமையானது. சிகாகோவின் டச் அண்ட் கோ போன்றவை செலவு போக மிஞ்சும் லாபத்தைக் குழுவோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. மெர்ஜ் ரெக்கார்ட்ஸை 1989-இல் வடக்கு கரோலினாவில் தொடங்கியவர்கள் சூப்பர்சங்க் என்ற குழுவின் மேக் மெக்காகனும் லாரா பாலன்ஸும். மேடையில் வாசிப்பவர்களே நடத்திய கடை அது. நம் ஐந்தில் இரண்டு ஆல்பங்கள் அங்கிருந்து வந்தவை.

எனவே ஆல்பத்தைக் கையில் எடுத்ததும் பின்னட்டையில் லேபிள் பெயரைப் பாருங்கள். அதன் பின்னால் அந்த நான்கில் ஒன்று நின்றால் நம் ஐந்தில் இடமில்லை. இந்தச் சல்லடையில் எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழுவின் ‘சவுண்ட் ஆஃப் சில்வர்’ விழுந்துவிடுகிறது. டிஎஃப்ஏ என்ற சின்ன லேபிள்தான், ஆனால் பின்னால் ஈஎம்ஐ நின்றது. எனக்கு அது வருத்தம்தான். ‘ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டில் ஒரே பியானோ அடி ஏழு நிமிடத்துக்கு மேல் ஓயாமல் ஓடும். அந்த ஒரு பாட்டைச் சல்லடைக்கு வெளியே வைத்தாவது கேட்டுவிடுங்கள்.

படி 2: ஸ்பூனில் தொடங்குங்கள்

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த ஸ்பூன் குழுவின் ‘கா கா கா கா கா’ 2007 ஜூலையில் வந்தது. பத்துப் பாட்டு, சுமார் 36 நிமிடம். முதல் ஆல்பத்துக்கு இதுதான் சரியான அளவு.

இவர்கள் கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால் ருசி கூடும். 1998-இல் வார்னர் குடும்பத்தைச் சேர்ந்த எலெக்ட்ரா இவர்களை எடுத்தது, ஆல்பம் வந்த சில மாதங்களிலேயே கழற்றியும் விட்டது. அதன் பிறகு மெர்ஜுக்கு வந்து, ஒவ்வொரு ஆல்பத்திலும் தேவையில்லாத ஒலிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டே போனார்கள். இந்த ஆல்பத்தில் மிச்சம் இருப்பது எலும்பும் நரம்பும்தான். கிடார் தன் வேலை முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஜிம் ஈனோவின் டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் காய்ந்த சத்தத்தோடு தனித்தனியாக விழும்.

‘த கோஸ்ட் ஆஃப் யூ லிங்கர்ஸ்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஒரே பியானோவைச் சம்மட்டி போல அடித்துக்கொண்டே இருப்பார்கள். தாளவாத்தியம் வரும் வரும் என்று காத்திருப்போம், வரவே வராது. ஆல்பத்தின் விசித்திரமான பெயர் அந்தப் பியானோ அடியின் சத்தம்தான். ‘டோன்ட் யூ எவா’ பாட்டின் தொடக்கத்தில் ஸ்டூடியோ பேச்சை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ‘தி அண்டர்டாக்’ பாட்டில் ஊதுகொம்புகள் சேர்ந்து திருவிழா களை கட்டும். அதைத் தயாரித்தவர் ஜான் பிரையன். இத்தனை சிக்கனமான ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடத்தில் நுழைந்தது. எலெக்ட்ராவில் யாராவது அந்த வாரப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

படி 3: ‘பாக்ஸர்’ ஆல்பத்துக்கு அவகாசம் கொடுங்கள்

த நேஷனல் குழுவின் ‘பாக்ஸர்’ 2007 மே மாதம், லண்டனின் பெக்கர்ஸ் பாங்க்வெட் லேபிளில் வந்தது. இந்த ஐந்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இது. முதல் முறை கேட்டால் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். மூன்றாம் முறை கேட்கும்வரை தீர்ப்பு சொல்லாதீர்கள்.

ஐந்து பேர். ஒஹாயோவின் சின்சினாட்டியிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஆரன், பிரைஸ் டெஸ்னர் இரட்டையர்கள். ஸ்காட், பிரையன் டெவன்டார்ஃப் அண்ணன் தம்பி. இரண்டு சகோதர ஜோடிகளுக்கு நடுவே பாடகர் மேட் பெர்னிங்கர். இசையில் காலூன்றும் முன் அவர் நியூயார்க்கில் விளம்பரம், வடிவமைப்புத் துறையில் வேலை பார்த்தவர். அந்த அலுவலக வாழ்க்கை பாட்டெல்லாம் ஊறியிருக்கிறது. டை கட்டிக்கொண்டு நல்லவனாக நடந்துகொள்ளும் ஆண்கள், விருந்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் மூலையில் நிற்பவர்கள், வீட்டுக்குத் திரும்பினால் போதும் என்று தவிப்பவர்கள். ராக் பாட்டில் வழக்கமாக வரும் மோட்டார்சைக்கிள் நாயகன் இங்கே கிடையாது. மாதச் சம்பளக்காரன்தான் நாயகன்.

இப்போது முதல் பாட்டு, ‘ஃபேக் எம்பயர்’. பியானோவோடு தொடங்கும். உற்றுக் கேளுங்கள். மூன்று எண்ணிக்கையும் நான்கு எண்ணிக்கையும் ஒன்றின் மேல் ஒன்று ஓடும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்குத் திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே நேரத்தில் போவது உடனே பிடிபடும். பெர்னிங்கர் அதன் மேல் அடிக்குரலில், கிட்டத்தட்டப் பேசுவது போலப் பாடுவார். டிரம்ஸ் மெனக்கெட்டுத் தாமதமாக வரும். வந்ததும், அதுவரை தள்ளாடிக்கொண்டிருந்த பாட்டு நிமிர்ந்து நடக்கும். கடைசியில் ஊதுகொம்புகள் கும்பலாக நுழைந்து எக்காளமிடும். 2008-இல் ஒபாமாவின் தேர்தல் பிரச்சார வீடியோவில் இதன் வரிகளில்லாத வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். வரிகளை எடுத்ததில் ஆச்சரியமில்லை. தூக்கக் கலக்கத்தில் நாட்டு நடப்பைப் பாராமல் இருப்பவர்களைப் பற்றிய பாட்டு அது, பிரச்சாரத்துக்கு ஆகாது.

இரண்டாம் முறை கேட்கும்போது பிரையன் டெவன்டார்ஃபின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ‘ஸ்குவாலர் விக்டோரியா’ பாட்டில் மெட்டைச் சுமப்பதே அவர்தான். மற்றவர்கள் அசையாமல் நிற்க, டிரம்ஸ் மட்டும் பதற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்லோ ஷோ’ பாட்டின் முடிவில் வருவது, இவர்களின் 2001 முதல் ஆல்பத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு பாட்டின் வரிகள். ஆறு வருடம் கழித்து எடுத்து, சரியான இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், குழு மேடையில் வாசிக்கிறது. அது அவர்களின் தயாரிப்பாளர் பீட்டர் கேட்டிஸின் திருமண வரவேற்பு.

படி 4: ‘நியான் பைபிள்’, சத்தமாக

மான்ட்ரியால் குழுவான ஆர்கேட் ஃபயர் 2004-இல் ‘ஃப்யூனரல்’ ஆல்பத்தால் பேர் வாங்கியது. பெரிய கம்பெனிக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோதும் வட அமெரிக்காவில் மெர்ஜோடேயே இருந்துவிட்டார்கள். கியூபெக்கின் ஃபார்னம் ஊரில் பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார்கள். ‘நியான் பைபிள்’ பெரும்பாலும் அங்கே பதிவானது. 2007 மார்ச்சில் வந்து பில்போர்டில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது.

இதை ஹெட்போனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கர் வேண்டும், பக்கத்து வீட்டார் வெளியூர் போயிருந்தால் இன்னும் நல்லது. ‘இன்டர்வென்ஷன்’ பாட்டில் வரும் குழாய் ஆர்கன் தரையை அதிரவைக்கும். ஆனால் ஆல்பம் முழுக்க இதே உச்சஸ்தாயி என்பதுதான் என் குறை. ‘ஃப்யூனரல்’ இதைவிட நல்ல ஆல்பம்.

படி 5: ‘இன் ரெயின்போஸ்’, விலை உங்கள் விருப்பம்

ரேடியோஹெட் சின்னக் குழு அல்ல. ஈஎம்ஐயில் இருந்து உலகப் புகழ் பெற்றவர்கள். 2003-இல் வந்த ஆல்பத்தோடு ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 2007 அக்டோபர் 1 அன்று அறிவித்து, 10 அன்று தங்கள் இணையதளத்தில் ஆல்பத்தை வெளியிட்டார்கள். விலை போடவில்லை. விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் எடுக்கலாம். 160 கேபிபிஎஸ் எம்பி3தானா என்று ஒலி நுணுக்கம் பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள். சிடியை வருடக் கடைசியில் எக்ஸ்எல் லேபிள் கொண்டுவந்தது. இலவசமாகவே எடுத்திருக்கக்கூடிய ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

எல்லோரும் இப்படிச் செய்ய முடியுமா என்றால் முடியாது. ஈஎம்ஐ காசில் சேர்த்த ரசிகர்கள் அவர்களுக்கு இருந்தார்கள். விலை விஷயத்தில் இந்த ஆல்பத்தை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இசை? இவர்கள் செய்ததிலேயே கனிவானது. ‘15 ஸ்டெப்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடும், நடுவே குழந்தைகள் கூச்சலிடுவார்கள். கண்ட நடை தெரிந்தவர்கள் கையில் தாளம் போட்டுப் பாருங்கள். ‘நியூட்’ தொண்ணூறுகளிலிருந்தே இவர்களிடம் இருந்த பாட்டு. சரியான உருவம் கிடைக்கும்வரை பத்து வருடத்துக்குக் கிட்டக் கிடப்பில் வைத்திருந்தார்கள். அந்தப் பொறுமை பாட்டில் தெரிகிறது.

படி 6: இரவுக்கு ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’

பாடகர் ஜஸ்டின் வெர்னனின் குழு உடைந்தது, உடம்பும் முடியாமல் போனது. 2006 கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போய்ப் பனிக்காலம் முழுக்கத் தனியே இருந்தார். அங்கே பதிவானவையே இந்த ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பகுதி. பான் ஐவர் என்ற பெயரில் 2007 கோடையில் தானே 500 சிடி போட்டார். அடுத்த வருடம் ஜாக்ஜகுவார் என்ற சின்ன லேபிள் எடுத்துக்கொண்டது.

உச்சக்குரலில் பாடி, அதன் மேல் தன் குரலையே மறுபடி மறுபடி அடுக்கியிருக்கிறார். பாடகர் குழு போல ஒலிக்கும், ஆனால் ஆள் ஒருவர்தான். இது ராக்கா என்று வாதம் செய்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

படி 7: ஒரு பக்கவழி

நம் சல்லடையில் பாதிதான் தேறுவது, ராக்கும் அல்ல. ஆனாலும் தமிழ்க் காது 2007-ஐக் கடக்கும்போது எம்.ஐ.ஏ.வின் ‘கலா’வைத் தவிர்க்க முடியாது. லண்டனில் பிறந்து ஈழத்திலும் வளர்ந்த மாயா அருள்பிரகாசம் தன் அம்மாவின் பெயரை ஆல்பத்துக்கு வைத்தார். பிரிட்டனில் எக்ஸ்எல், அமெரிக்காவில் யூனிவர்சலின் இன்டர்ஸ்கோப். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் நம்ம ஊர் உறுமி பின்னி எடுக்கும். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் ஓடுவது லண்டன் பங்க் குழு த க்ளாஷின் இசை.

படி 8: பிடித்தால் காசு கொடுங்கள்

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும், கேட்டுப் பார்க்க அது போதும். பிடித்துப்போன ஒன்றையாவது வாங்குங்கள். 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் மெர்ஜ், ஜாக்ஜகுவார் போன்ற லேபிள்களுக்குக் கடை உண்டு. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிவர்த்தனைக் கட்டணம் போக மற்றது லேபிளுக்கும் குழுவுக்கும் போகும்.

படி 9: 100 புள்ளிகளைப் பிரியுங்கள்

வருடக் கடைசிப் பட்டியல்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2007-இல் பிட்ச்ஃபோர்க் இசை இணையதளம் பாண்டா பேரின் ‘பெர்சன் பிட்ச்’ ஆல்பத்தை முதலிடத்தில் வைத்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் ‘கலா’வை வைத்தது. விமர்சகர்கள் வாக்களித்த வில்லேஜ் வாய்ஸ் இதழின் பாஸ் அண்ட் ஜாப் தேர்வில் ‘சவுண்ட் ஆஃப் சில்வர்’ வென்றது. மூன்று இடம், மூன்று ஆல்பம்.

ஆனால் பாஸ் அண்ட் ஜாப்பின் முறை நல்ல முறை. கையில் 100 புள்ளிகள். ஒரு ஆல்பத்துக்கு 5-க்குக் குறையக் கூடாது, 30-ஐத் தாண்டக் கூடாது. கடைசி இடத்தில் இருப்பதற்கும் முதல் இடத்தில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லியாக வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மழுப்ப வழியில்லை.

என் கணக்கு இது: ‘பாக்ஸர்’ 30, ‘கா கா கா கா கா’ 25, ‘இன் ரெயின்போஸ்’ 20, ‘ஃபார் எம்மா’ 15, ‘நியான் பைபிள்’ 10. ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க நினைத்தால் இந்த ஐந்தில் ஒன்றிடமிருந்து புள்ளியைப் பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். ‘நியான் பைபிள்’ ஆல்பத்திடமிருந்து பிடுங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ‘பாக்ஸர்’ மேல் கை வைக்கும் முன் மூன்றாம் முறை கேட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.