துணியில் பிறந்த பீரோ

சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமில் ஓர் இடைநிலைப்பள்ளி. வகுப்பறைச் சுவரிலுள்ள செயற்குழுப் பட்டியலில் 'பிரோ டிசிப்லின்' என்று மலாயில் எழுதப்பட்டுள்ளது. ஒழுங்குப் பிரிவு என்பது அதன் பொருள். அதே வகுப்பில் மாணவர்கள் படிக்கும் தமிழ்நாட்டுச் சிறுகதையிலோ, தாய் பீரோவைத் திறந்து பட்டுச்சேலையை எடுக்கிறாள். பிரிவுக்குள் சேலை எப்படி வந்தது?

இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தவை. பழைய பிரெஞ்சு மொழியில் 'புரெல்' என்பது முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. எழுதும் மேசைமீது அத்துணியை விரிப்பது வழக்கம். நாளடைவில் துணியின் பெயரே 'பியூரோ' என்று மேசைக்கு வழங்கியது. பின்னர், மேசை இருந்த அறையையும் அங்கு இயங்கிய அலுவலகத்தையும் அச்சொல் சுட்டியது. மலாய்மொழியின் 'பிரோ' இப்பொருளைச் சார்ந்தது.

ஆங்கிலத்திற்குச் சென்ற அச்சொல், இங்கிலாந்தில் இழுப்பறைகள் கொண்ட எழுதுமேசையைக் குறித்தது. அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பேழையைக் குறித்தது. தமிழ்நாட்டிலோ, துணியும் நகையும் வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரியே பீரோ.

இத்தகைய பொருள் மாற்றம் நமக்குப் புதிதன்று. 'பாலை இறக்கு' என்னும்போது, பாலின் பெயர் அதனைத் தாங்கும் பாத்திரத்திற்கு ஆகி வருகிறது. இதனைத் தானியாகுபெயர் என்கிறோம். துணியின் பெயர் அதனைத் தாங்கிய மேசைக்கு ஆனதும் இவ்வாறே.

ஆகவே, அறிந்த சொல்லாயினும் அது வழங்கும் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.