கத்திரியில் வியர்வை உலர வேண்டும்

கத்திரி வெயில் மே 4-இல் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும். இன்று எத்தனை டிகிரி என்பதுதான் எல்லோர் கேள்வியும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2024 அக்டோபர் 6 அன்று, மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெப்பத் தாக்கமே காரணம் என்றார்கள். அன்று வெயில் நாற்பதைத் தொடவே இல்லை. கத்திரி முடிந்து நாலு மாதமும் ஆகியிருந்தது.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் டிகிரியோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உடலின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். சூடு ஏறினால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு வியர்க்க வைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயனில்லை. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் வெப்பநிலை இறங்கும், ஈரப்பதம் ஏறும். அந்த நேரத்தில் காற்றோட்டமில்லாத அறையில் இருப்பவருக்கு வியர்வை கொட்டும், சூடு தணியாது.

எனவே முதலில் வியர்வையை உலரவிடுங்கள். மின்விசிறியின் கீழ் ஈரத்துண்டால் கை, கழுத்து, முதுகைத் துடைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவிலும் தகிக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கீழ்த்தளத்திலோ காற்று வரும் கூடத்திலோ படுக்க வையுங்கள். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். "தண்ணீர் வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள்.

தி.நகர் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர், கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெரிய வேதனை. நீர் குறைந்தால் சிறுநீரகம் சிறுநீரைச் சுண்டவைத்து உடலில் நீரைக் காக்கும். நாள்தோறும் அப்படியே விட்டால் கல்லும் தொற்றும் வரும். வெயிலில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும்போது மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கமும் வரும். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முதலாளிகளே, நாற்காலியோடு கழிப்பறைக்கும் வழிசெய்யுங்கள்.

வெளியில் உழைப்பவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம் வரும். உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானம் அதற்கு ஈடாகாது. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குச் சாப்பாட்டில் உள்ள உப்பே போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் கூட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரின் பொட்டாசியம் ஆபத்து. இதய நோயாளிகளும் சிறுநீர் பிரிய மாத்திரை போடுபவர்களும் எவ்வளவு நீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெயிலில் இருந்தவர் உளறினாலோ, நிலைதடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். தொற்றுக் காய்ச்சலில் மூளையே சூட்டின் இலக்கை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அதைத்தான் இறக்கும். வெப்பத் தாக்கத்தில் இலக்கு மாறவில்லை, உடல் தோற்றுவிட்டது. அங்கே மாத்திரை பலிக்காது, கல்லீரலுக்கும் கெடுதல். தோல் வறண்டுதான் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள், வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.