ஊர்நீரும் சலவை உருளையும்

நுழையும்முன்

கருவி ஒன்றை வாங்குவது ஒரு நாள் செயல். அதனோடு வாழ்வது பல்லாண்டுச் செயல். விலையும் விளம்பரமும் அதன் தரத்தை ஓரளவே உணர்த்தும். அக்கருவி எந்த ஊரின் நீரில், எத்தகைய வீட்டில், யாருடைய உழைப்பைக் குறைக்க இயங்கப்போகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்பதே நிறைவான மதிப்பீடு. முன்கதவுச் சலவை இயந்திரத்தைச் சான்றாகக் கொண்டு, அவ்வாறு மதிப்பிடும் முறையை வடமதுரைப் பகுதியின் வாழ்வியல் பின்னணியில் இப்பாடம் விளக்குகிறது.

வெளுப்பின் வரலாறு

தமிழர் ஆடையை நெய்ததோடு அமையாமல், அதைத் தூய்மையாகப் பேணும் முறையையும் அறிந்திருந்தனர். களர்நிலத்தில் கூவல் தோண்டி ஆடை வெளுத்த பெண்ணைப் பற்றிய குறிப்பு புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. உவர்மண்ணிலுள்ள காரத்தன்மை எண்ணெய்ப் பசையை நீக்கும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்து, அம்மண்ணைச் சலவைக்குப் பயன்படுத்தினர். வெள்ளாவி வைத்தல், கல்லில் அடித்துத் துவைத்தல், கஞ்சியிடுதல் ஆகியன தொடர்ந்து வளர்ந்த தொழில்நுட்பங்கள். இவை அனைத்தும் மனிதரின் தோளையும் முதுகையும் நம்பி நடந்தவை.

இவ்வுழைப்பைக் குறைக்கும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்தன. ஜெர்மனியைச் சேர்ந்த யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர் 1767 ஆம் ஆண்டில் சலவைக் கருவி ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டார். 1937 இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம், முன்புறக் கதவுடன் கூடிய தானியங்கி இயந்திரத்தை வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியது. இன்று நாம் காணும் முன்கதவு இயந்திரங்கள் அதன் வழித்தோன்றல்களே.

உருளை இயங்கும் முறை

மேற்கதவு இயந்திரத்தில் துணிகள் நீரில் மூழ்கியவாறு சுழல்கின்றன. முன்கதவு இயந்திரத்தில் உருளை கிடைமட்டமாக அமைந்துள்ளது. அடியில் தேங்கிய சிறிதளவு நீரில் நனையும் துணிகளை உருளை மேலே தூக்கிச் சென்று விழச் செய்கிறது. துவைகல்லில் துணி அடிபடும் செயலை இங்குப் புவியீர்ப்பு விசை மென்மையாக நிகழ்த்துகிறது. ஆகவே நீரின் தேவை குறைகிறது. துணியும் குறைவாகவே தேய்கிறது.

பிழியும்போது உருளை மிக விரைவாகச் சுழல்கிறது. 50 செ.மீ. விட்டமுள்ள உருளை நிமிடத்திற்கு 1200 முறை சுழன்றால், அதன் விளிம்பிலுள்ள துணி உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்காகும். 800 முறை சுழன்றால் அது ஏறத்தாழ 180 மடங்காகும். வேகம் ஒன்றரை மடங்கு உயரும்போது, முடுக்கம் இரண்டேகால் மடங்கு உயர்வதைக் காண்க. மழைக்காலத்தில் துணி விரைந்து உலர இது உதவும். வெயில் மிகுந்த ஊரிலோ கொடியில் காயும் துணிக்கு இவ்வளவு வேகம் எந்நாளும் தேவைப்படுவதில்லை.

நீர் கேட்கும் வினா

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளி, பாறைப்பாங்கான நிலம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கிடைக்கும் நீரை மக்கள் 'உப்புத்தண்ணீர்' என்றும், குடிக்க ஏற்றதை 'நல்ல தண்ணீர்' என்றும் பிரித்து வழங்குவர். இவ்வழக்கில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. பாறையிடுக்குகளில் ஊறும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைகின்றன. அவை மிகும்போது நீர் கடினத்தன்மை அடைகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது என்றும், மாற்று நீர் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது.

கடினநீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது; திரிந்து துணியில் படியும். அந்நீரைச் சூடேற்றினால் அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டு சிதைந்து, சுண்ணாம்புப் படிவாக வெப்பக்கம்பியின்மேல் ஒட்டிக்கொள்ளும். படிவம் தடிக்கத் தடிக்க வெப்பம் நீரைச் சேர்வது தடைப்படும், மின்செலவு கூடும், இறுதியில் கம்பி பழுதாகும். எனவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன்பே வீட்டுநீரின் கடினத்தன்மையை ஆய்ந்தறிதல் வேண்டும்.

நீரின் தரத்தைப் போலவே அதன் அழுத்தமும் கருதத்தக்கது. நீர்த்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 1 பார் அழுத்தம். 0.5 பார் தேவைப்படும் இயந்திரத்திற்கு 5 மீட்டர் உயரம் வேண்டும். ஓரடுக்கு வீட்டின் தளத்தில் வைத்த தொட்டி அவ்வுயரத்தை எட்டாமற்போகலாம். நீர் நிரம்பாமல் இயந்திரம் நின்றுவிடும்போது, குறை கருவியில் உள்ளதாகவே பலர் எண்ணுவர். கையேட்டில் குறித்துள்ள அழுத்தத்தை முன்னரே பார்த்திருந்தால் இவ்வல்லலைத் தவிர்த்திருக்கலாம்.

கணக்கிட்டு அறிதல்

'வெளுத்ததெல்லாம் பாலன்று' என்பது நம் முன்னோர் மொழி. விளம்பரத்தின் கூற்றை எளிய கணக்கால் நாமே சோதிக்கலாம். மேற்கதவு இயந்திரத்தைவிட முன்கதவு இயந்திரம் ஒருமுறை துவைக்க 60 லிட்டர் நீரைக் குறைவாகக் கொள்கிறது எனக் கருதுவோம். வாரம் நான்கு முறை துவைக்கும் வீட்டில் ஆண்டுக்கு 12,480 லிட்டர் மிஞ்சும். அது பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவுக்கு நிகரானது. கோடையில் நீரை விலைகொடுத்து வாங்கும் குடும்பத்திற்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மின்சாரத்திற்கும் இவ்வாறே கணக்கிடலாம். 15 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடேற்ற ஏறத்தாழ 1,890 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் ஆதலால், சூடேற்ற மட்டுமே அரை யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அன்றாட அழுக்கிற்குச் சூடேற்றாத நீரே போதுமெனில் அச்செலவு முழுவதும் மிச்சமாகும். வெப்பக்கம்பியில் சுண்ணாம்பும் படியாது. ஆற்றல் திறன் அலுவலகம் 2006 இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம், கருவிகளை ஒப்பிட உதவும். ஆயினும், நாம் அழுத்தும் பொத்தானே நம் மின்கட்டணத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது.

பேணலும் உரிமையும்

புதிய இயந்திரத்தை இயக்குவதற்கு முன், பயணத்தில் உருளை அசையாதவாறு பொருத்தப்பட்ட போல்ட்டுகளை அகற்ற வேண்டும். தரை சமமாக இருத்தல் வேண்டும். நுரை குறைவாக எழும் சலவைத்தூளை அளவோடு இட வேண்டும். நுரை மிகுந்தால் அது மெத்தைபோல் அமைந்து துணியின் வீழ்ச்சியைத் தடுக்கும், அழுக்கும் நீங்காது. துவைத்து முடித்தபின் கதவிலுள்ள ரப்பர் வளையத்தைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து வைத்தால் பூஞ்சை படராது.

பழுது நீக்கும் வாய்ப்பையும் வாங்கும் முன்பே வினவ வேண்டும். சில வகைகளில் வெளித்தொட்டி பிரிக்க இயலாதவாறு ஒட்டப்பட்டிருக்கும். பேரிங் ஒன்று தேய்ந்தாலும் தொட்டி முழுவதையும் மாற்ற நேரிடும். பணியாளர் அண்மையில் உள்ளாரா, உதிரிபாகம் கிடைக்குமா என்பவை சிற்றூர்களில் வாழ்வோர்க்கு இன்றியமையாத வினாக்கள்.

குறையுள்ள பொருளை ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் வேண்டா. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். விலைச்சீட்டும் உத்தரவாத அட்டையும் அதற்குச் சான்றுகள்.

தெரிந்து தெளிவோம்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருள்களைப் பழுது நீக்கிப் பயன்படுத்தும் உரிமைக்கான இணையவாயிலை இந்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது.

மிஞ்சிய பொழுது யாருக்கு?

இயந்திரத்தின் மெய்யான பயன் பொழுது. 2019 இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். நூற்பாலைகள் நிறைந்த வடமதுரை, வேடசந்தூர்ப் பகுதியில் ஆலையில் உழைத்துத் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் மற்றொரு வேலைநாள் காத்திருக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங், 2010 இல் ஆற்றிய உரையில் தம் இளமைக்கால வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்ததை நினைவுகூர்ந்தார். அது மிச்சப்படுத்திய பொழுதில் அவருடைய தாய் அவரை நூலகத்திற்கு அழைத்துச் சென்றார் என்பதே அவ்வுரையின் சாரம்.

எனினும், இயந்திரம் துவைக்குமேயன்றித் துணியைப் பிரிக்காது, உலர்த்தாது, மடித்து வைக்காது. அப்பணிகள் அனைத்தும் முன்போலவே ஒருவர் தோளில் தங்கிவிட்டால், கருவி வந்தும் சுமை முழுமையாக நீங்கியதாகாது. வீட்டிலுள்ள ஆண்மக்களும் பெண்மக்களும் பணிகளைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் மிஞ்சிய பொழுது அனைவருக்கும் உரியதாகும். நீர், மின்சாரம், பழுது, உரிமை ஆகியவற்றோடு, வீட்டில் யாருக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்தது என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அக்கணக்கும் நேரானால், அவ்வியந்திரம் கொடுத்த விலைக்குத் தகுதியுடையதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு நீர்த்தொட்டியின் உயரத்தை அளந்து, குழாயில் கிடைக்கும் நீரழுத்தத்தைக் கணக்கிடுக.

2. உங்கள் வீட்டில் துணி துவைத்தல் தொடர்பான பணிகளை யார், எவ்வளவு நேரம் செய்கின்றனர் என ஒரு வாரம் குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.

3. வீட்டுக்கருவி ஒன்றின் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கூற்றுகளுள் கணக்கிட்டுச் சோதிக்கத்தக்கவற்றைப் பட்டியலிடுக.