உயரம் கூட்டும் அறுவை சிகிச்சை: வீட்டில் சொல்லலாமா?

சொல்லிவிடுவதே நல்லது, அதுவும் அறுவைக்கு முன்பே. காரணம் இந்தச் சிகிச்சையின் தன்மையிலேயே இருக்கிறது. கால் எலும்பை வெட்டி, இடைவெளியை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போவார்கள். 5 செ.மீ. கூட்ட ஏறத்தாழ 50 நாள். புது எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதங்கள். அத்தனை நாளும் நடக்க, குளிக்க, பிசியோதெரபிக்குப் போகத் துணை வேண்டும். ஒரு வார லீவில் மறைக்கிற சமாச்சாரமா இது? 2016-இல் ஹைதராபாத்தில் ஓர் இளைஞர் பெற்றோரிடம் சொல்லாமல் செய்துகொண்டார். அவர்கள் மகனைக் காணோம் என்று போலீசுக்குப் போனார்கள்.

‘சொன்னால் தடுப்பார்கள், கேலி செய்வார்கள்’ என்ற பயம் நியாயமானதுதான். உடல் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. ஆனால் தொற்று, நரம்புப் பாதிப்பு, ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது, எலும்பு கூடாமல் போவது எல்லாம் நடக்கக்கூடியவை. நள்ளிரவில் மூச்சுத் திணறினால், என்ன சிகிச்சை நடந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல ஒருவராவது வேண்டும். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை (கல்யாண வீட்டில் விசாரிக்கும் தூரத்து உறவுக்கு எதற்கு?). பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அறுவைத் தேதி, செலவு, மருத்துவரின் போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இன்னொரு எலும்பு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது நீங்கள் விஷயம் சொன்னவரையும் அழைத்துப் போங்கள்.