உழவு மிசின் சும்மா நிற்கும் நாள்



மார்கழி கடைசி. மழை ஓய்ந்து வெங்காயம் நடும் காலம். விடியக் காலை தெல்லிப்பழையில் உழவு என்று பேசியாயிற்று. முதல்நாள் இரவு, "தம்பி, நாளைக்கு வரவேண்டாம், விதைவெங்காயம் வந்து சேரேல்லை" என்று ஐயா சொல்லுகிறார். லான்ட்மாஸ்டர் முற்றத்தில் நிற்கிறது. தவணைப்பணமோ நிற்பதில்லை.

1990 ஆனியில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆடியில் கிடைத்தது. பற்றை மண்டிய நிலத்துக்குத் திரும்பிய பலரிடம் மாடுமில்லை, மிசினுமில்லை. கூலி உழவையே நம்பியிருக்கிறார்கள். ஆகவே மிசின் சும்மா நிற்கும் ஒரு காலைப்பொழுது இரண்டு குடும்பங்களுக்கு நட்டம்: மிசின்காரருக்கும், பருவம் தப்பும் தோட்டக்காரருக்கும்.

இதற்கு என்ன செய்யலாம்?

1. இரண்டு பட்டியல் வைத்திருங்கள். ஒன்று, நாள் குறித்த வேலை. மற்றது, "எப்போதென்றாலும் சரி, ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லுங்கோ" என்பவர்களின் வேலை. பெயர், தொலைபேசி எண், குறிச்சி, எத்தனை பரப்பு, என்ன மண், ஒழுங்கையால் மிசின் போகுமா என்பவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்.

2. முதல்நாள் பொழுதுபடுமுன் எல்லோரையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மாலையில் தெரிந்தால் இரவிலேயே வேறொருவரை ஒழுங்கு செய்யலாம்.

3. பெரிய வேலையைத் தேடாதீர்கள், கிட்டிய வேலையைத் தேடுங்கள். இரண்டு மணித்தியால இடைவெளியில் போக அரை மணி, வர அரை மணி என்றால் உழவுக்கு மிஞ்சுவது ஒரு மணித்தியாலமே. தூரத்து எட்டுப் பரப்பைவிட, அடுத்த வேலைக்குப் போகும் வழியிலுள்ள இரண்டு பரப்பு மேல்.

4. மழையால் வேலை நின்றால் மண்ணைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் நீர் கெதியாய் வடியும், களிமண் வயலில் நிற்கும். ஈரத்தில் உழுதால் மண் கட்டிபடும். அன்றைக்குப் பெட்டியைப் பூட்டி எரு, விறகு ஏற்றலாம்.

5. கூலியை ஆளுக்கொரு விதமாகக் குறைக்காதீர்கள். திடீர் வேலைக்குப் பாதிக் கூலி என்றால், நாள் குறித்தவரும் அதற்காகக் காத்திருப்பார். போக்குவரத்துக் காசை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அதையும் எல்லோருக்கும் ஒரேமாதிரிச் சொல்லுங்கள்.

6. வேலையை நிறுத்தியவரைக் கோபிக்காதீர்கள். காரணம் வருத்தமாகவோ காசில்லாமையாகவோ இருக்கலாம். அவரை இரண்டாம் பட்டியலின் தலைப்பில் எழுதுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். மிதிவெடி அகற்றியாயிற்று என்று உறுதிசெய்யப்படாத காணியில் எந்த அவசரத்துக்கும் இறங்கக்கூடாது. ஒரு நாள் கூலி ஓர் உயிருக்கு ஈடாகாது.

எவரும் கிடைக்காவிட்டால் அந்த நேரத்தில் எண்ணெய் மாற்றுங்கள், நாடாவைப் பாருங்கள், கலப்பை ஆணிகளை இறுக்குங்கள். அதுவும் நிரப்பிய நேரமே.

கூடிப் பேசுவதற்கு:

அ. உங்கள் குறிச்சியில் ஒரு மணித்தியால அறிவித்தலில் நிலத்தை ஆயத்தமாக வைத்திருக்கக்கூடியவர்கள் யார்?

ஆ. 16 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்பு, மூன்று பரப்பாக உள்ள அயலவர்கள் சேர்ந்து ஒரே நாளில் மிசினை அழைத்தால் யாருக்கு என்ன இலாபம்?

இ. ஒரு மிசின் பழுதானால் மற்றவர் அந்த வேலையை எடுத்துச் செய்ய, மிசின்காரர்கள் தமக்குள் என்ன ஒழுங்கு செய்யலாம்?