அணில் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா, மிசௌரி மாநிலங்களில் ஒரு பிள்ளை வேட்டை பழகுவது பெரும்பாலும் அணிலில்தான். முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர் அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். அங்கே வேட்டையாடுவது அரைக் கிலோ அளவுக்கு வளரும் சாம்பல் அணிலையும் அதைவிடப் பெரிய நரி அணிலையும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஹிக்கரி மரங்களின் காய்கள் முற்றும்போது, அவை உச்சிக் கிளைகளில் உட்கார்ந்து ஓட்டைக் கொறிக்கும். கொறித்த துணுக்குகள் இலைமேல் உதிரும் சத்தத்தை வைத்தே வேட்டைக்காரர்கள் மரத்தைக் கண்டுகொள்வார்கள். அடித்த அணிலைச் சமைத்துச் சாப்பிடுவது அந்தக் குடும்பங்களில் தலைமுறை வழக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆகவே இங்கே வரும் பேச்செல்லாம் அந்தக் காடுகளுக்கும் அந்தச் சட்டங்களுக்கும் உரியது.

இந்த வேட்டைக்குப் பெரும்பாலோர் எடுப்பது .22 லாங் ரைஃபிள் தோட்டா. 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இது ரிம்ஃபயர் வகை: தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் சுற்றிலும் அடைபட்டிருக்கும், துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கும். இதைச் சுடும் ரைஃபிள்களில் இரண்டு வகைக்கு இடையேதான் ஓயாத வழக்கு. போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் வெற்றுறை தானே வெளியேறும், அடுத்த தோட்டா தானே ஏறும், விசையை மறுபடி அழுத்தினால் போதும். இந்த வழக்கில் இரு பக்கமும் பேசப்படுவதில் பாதி, காதால் கேட்டுச் சொல்வது. சிறு விலங்கைச் சுடுகிறவருக்கு முதல் குண்டு சரியான இடத்தில் போய் விழுவதுதான் எல்லாம். எந்தத் துப்பாக்கி அதற்குத் துணை நிற்கிறது என்ற கண்ணோடு ஒவ்வொரு நம்பிக்கையையும் பார்க்கிறேன்.

நம்பிக்கை: போல்ட் ஆக்‌ஷன் குறி தப்பாது, செமி ஆட்டோமேட்டிக் சிதறடிக்கும்.

இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. செக் நாட்டு சிஇசட் 457, அமெரிக்க சாவேஜ் மார்க் 2 போன்ற போல்ட் ரைஃபிள்கள் கடையிலிருந்து வந்தபடியே 50 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 46 மீட்டரில், ஐந்து குண்டுகளை ஒரு அங்குல வட்டத்துக்குள் போடுவது சாதாரணம். 1964இல் வந்து இன்றுவரை லட்சக்கணக்கில் விற்கும் ரூகர் 10/22 செமி, அதே தூரத்தில் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். இதற்குக் காரணங்கள் உண்டு. எந்தத் தோட்டாவும் தடையில்லாமல் ஏறி இறங்கவேண்டும் என்பதற்காகச் செமியின் தோட்டா அறையைக் கொஞ்சம் தளர்வாகக் கடைகிறார்கள். விசையும் பெரும்பாலும் கனமாக இருக்கும். போல்ட்டில் விசை இலகுவாகவும் மென்மையாகவும் திட்டமாகவும் விடும். கை நடுங்காமல் சுடுவதற்கு அது பெரிய உதவி.

ஆனால் இந்த இரண்டு வகைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே துப்பாக்கியில் இரண்டு தோட்டாப் பெட்டிகளுக்கு இடையில் வரும் வித்தியாசம் பல நேரம் அதிகம். ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா பக்கத்துத் துப்பாக்கிக்குப் பிடிக்காது. ஒரே கம்பெனியின் ஒரே பெயரில் வந்தாலும் உற்பத்தித் தொகுதி மாறினால் வட்டம் மாறும். ஆகவே புதுத் துப்பாக்கி வாங்கியவர் செய்யவேண்டிய முதல் வேலை, ஐந்தாறு வகைத் தோட்டாவைத் தலா ஒரு பெட்டி வாங்கி, தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்ப்பது. நன்றாக ஒத்துப்போகும் தோட்டாவை ஊட்டிய செமி, கிடைத்ததைப் போட்டுச் சுடும் போல்ட்டை விஞ்சிவிடும். அணிலின் தலை மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம். அந்த அளவுக்குள் தன் குண்டுகள் எந்தத் தூரம்வரை விழுகின்றன என்று தெரிந்துகொண்டு, அதற்கு அப்பால் சுடாமல் இருப்பவருக்கு இரண்டில் எது கையில் இருந்தாலும் போதும். 50 கஜத்துக்குக் குறி சரிசெய்த .22, 100 கஜத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் கீழே விழும். குறியைச் சரிபார்க்காத தூரத்தில் சுடுவது எந்தத் துப்பாக்கியிலும் தவறு.

நம்பிக்கை: அடுத்தடுத்துச் சுட முடிந்தால் பை நிறையும்.

இந்த எண்ணத்தைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். தப்பிய குண்டு அணிலின் பக்கத்தில் பட்டை தெறிக்க விழுந்தால், அது பல நேரம் அசையாமல் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லை தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். ஒட்டி நிற்கும் அணிலுக்குப் போல்ட்டை இழுக்க எடுக்கும் ஓரிரு நொடி பெரிய தாமதம் அல்ல. மறுபக்கம் போனதற்கு எந்த வேகமும் உதவாது, உட்கார்ந்து காத்திருப்பதுதான் வழி. ஓடுகிற அணிலை நோக்கி வரிசையாகச் சுடும்போது என்ன நடக்கும்? ஒன்று தப்பும், அல்லது வயிற்றிலோ காலிலோ அடிபட்டு ஒரு பொந்துக்குள் புகுந்து நாள் முழுக்கத் துடித்துச் சாகும். அதை யாரும் எடுத்துச் சாப்பிடப் போவதில்லை. கென்டக்கியில் ஒரு நாள் எல்லை 6 அணில்கள், மிசௌரியில் 10. இந்த எல்லைக்குள் நிற்க வேகமான துப்பாக்கி எதற்கு? புதரிலிருந்து கிளம்பி ஓடும் முயலுக்கு ரவைகளைச் சிதறும் ஷாட்கன்தான் பொருத்தம், அது வேறு வேட்டை.

செமிக்கு இரண்டாவது குண்டில் நியாயமான ஒரு பலன் உண்டு. முதல் குண்டு சற்றே விலகிப்போய், விலங்கு விழுந்தும் சாகாமல் இருந்தால், கையை அசைக்காமல், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் உடனே அதன் வேதனையை முடிக்கலாம். போல்ட்டை இழுக்கும் கை அசைவையும் அணில் பார்க்கும். செமியில் அந்த அசைவு இல்லை. முதல் குண்டைக் கவனமாகச் சுடுபவருக்கு மட்டுமே இந்தச் சலுகை பயன்படும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பத்துத் தோட்டா மேகசின் கையில் இருக்கும்போது, "போனால் இன்னொன்று" என்ற நினைப்பு விரலை அவசரப்படுத்தும். ஒற்றைத் தோட்டா மட்டுமே ஏறும் சிறு போல்ட் ரைஃபிளைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் பழைய வழக்கத்தில் இந்த ஞானம் இருக்கிறது.

நம்பிக்கை: செமி ஆட்டோமேட்டிக் சிக்கிக்கொண்டே இருக்கும்.

பழுதில்லாத 10/22 போன்றவை, மேகசின் சுத்தமாக இருந்து, சரியான தோட்டாவை ஊட்டினால் நூற்றுக்கணக்கான குண்டுகளைத் தடையில்லாமல் சுடும். சிக்கலின் ஊற்று தோட்டாவில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வித்தியாசம் தெரியும்.

.22 செமியில், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் என்ற பாகம் பூட்டப்படுவதில்லை. தன் எடையாலும் பின்னால் உள்ள ஸ்பிரிங்காலும் மட்டுமே தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கி நிற்கும். வெடித்ததும் வெற்றுறை பின்னால் தள்ளும் உந்தல்தான் போல்ட்டை நகர்த்தி எல்லாவற்றையும் நடத்துகிறது. ஆகவே தோட்டா போதிய வேகமாக இருந்தால்தான் இயந்திரம் ஓடும். 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடையுள்ள வேக வகைக் குண்டு, நொடிக்கு 1,235 அடி அளவில் கிளம்பும். இதற்கென்றே செமிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண வேகத் தோட்டா 1,070 அடி. அதில் சில செமிகள் ஓடும், சில திணறும். 710 அடி வேகத்தில் வரும் மிகக் குறைந்த சத்தமுள்ள வகையைப் போட்டால் பெரும்பாலான செமிகள் தானே ஏற்றிக்கொள்ளாது. போல்ட்டில் இந்தக் கவலை எதுவும் இல்லை. கையால் இழுப்பதால் எந்த வேகத் தோட்டாவும் ஓடும். பழைய .22 ஷார்ட் வரை ஏற்றும்படி முத்திரை குத்திய போல்ட் ரைஃபிள்களும் உண்டு.

இந்த வித்தியாசம் காட்டில் எப்படித் தெரியும்? 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,125 அடி. வேக வகைக் குண்டு அதைத் தாண்டிப் பறக்கும்போது காற்றில் ஒரு சொடுக்கு எழும். ஒலிக்குக் கீழான வேகத்தில் போகும் குண்டில் அது இல்லை. முதல் அணில் விழுந்த பிறகும் அடுத்த மரத்து அணில் கொறிப்பதைத் தொடரும் வாய்ப்பு அங்கே கூடுதல். இன்னொரு அதிசயம், காற்றில் விலகுவது வேக வகையில்தான் அதிகம். ஒலியின் வேகத்தைச் சுற்றிய பகுதியில் காற்றின் இழுப்பு சடாரென்று கூடுவதே காரணம். மெல்லப் போகும் குண்டு காற்றில் அதிகம் விலகும் என்று உள்ளுணர்வு சொல்லும், .22இல் அது தலைகீழ். அடர்ந்த காட்டில், அமைதியாக உட்கார்ந்து, 50 கஜத்துக்குள் சுடுகிறவர் சத்தமில்லாத தோட்டாவை விரும்பினால், விடை போல்ட்தான். இதை நான் தயங்காமல் சொல்வேன். செமியில் வெற்றுறை வெளியேறும் ஓட்டைவழியும் கொஞ்சம் சத்தம் வரும், அதன் போல்ட் பாகம் அடித்து மூடும் சத்தமும் சேரும்.

செமி வெடிவாயுவைத் திருடிக்கொள்வதால் குண்டின் வேகம் குறையும் என்பதும் கேள்விப்படுகிற ஒன்று. இழப்பு மிகக் குறைவு. குழலின் நீளமும் தோட்டாவும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

ரிம்ஃபயர் எல்லாவற்றிலும் செமி ஒரேபோல் ஓடும் என்பதும் தவறு. 2002இல் வந்த .17 ஹெச்எம்ஆர் தோட்டா அதிவேகம், கழுத்து ஒடுங்கிய உறை. .22க்குப் பழகிய பூட்டாத போல்ட் முறையை அதற்கு அப்படியே வைத்தபோது, உறை சரியான நேரத்துக்கு முன் வெளியேறி வெடித்துக் கிழியும் ஆபத்து எழுந்தது. 2015இல் வந்த சாவேஜ் ஏ17 செமி, போல்ட் தாமதமாகத் திறக்கும் ஏற்பாட்டால் அந்தச் சிக்கலைக் கையாண்டது.

நம்பிக்கை: போல்ட் பாதுகாப்பு, செமி ஆபத்து.

சட்டங்கள் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. பிரிட்டனில் 1987ஆம் ஆண்டு ஹங்கர்ஃபோர்ட் கொலைகளுக்குப் பின் வந்த 1988 திருத்தச் சட்டம் செமி ரைஃபிள்களைத் தடுத்தது, .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தது. ஆஸ்திரேலியா 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் போல்ட் .22ஐ ஏ பிரிவில் வைத்தது. பத்துத் தோட்டாவுக்கு உட்பட்ட செமி .22ஐ விவசாயி போன்ற தேவையுள்ளவருக்கு மட்டுமான சி பிரிவில் வைத்தது. நியூசிலாந்து 2019இல் கிட்டத்தட்ட பிரிட்டன் வழியில் சென்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2017இல்தான் சிறு விலங்கு வேட்டைக்கு செமி ரைஃபிளை அனுமதித்தது. இருக்கும் ஊரின் சட்டத்தைப் பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது.

கையாளும் பாதுகாப்பில் ஒரு திட்டமான வித்தியாசம் உண்டு. போல்ட்டில் ஒரு வெடிக்குப் பின் அறையில் கிடப்பது வெற்றுறை. கையால் இழுக்கும்வரை வேறொன்றும் ஏறாது. செமியில் வெடித்த கணமே அடுத்த தோட்டா ஏறி, விசை தயாராக இருக்கும். அணிலை எடுக்க ஓடுகிறவர், சேஃப்டியைப் போடாமல் கிளம்பினால் அங்கே விபத்து காத்திருக்கிறது. மேகசினைக் கழற்றினாலும் அறையில் ஒன்று மிஞ்சும், போல்ட்டை இழுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். விளிம்புக்குள் மருந்து சீராகப் பரவாததால் ரிம்ஃபயர் சில நேரம் வெடிக்காது. அப்போது முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து 30 நொடி காத்திருந்துதான் திறக்க வேண்டும். இது இரண்டுக்கும் பொது.

.22 சின்னத் தோட்டாதானே என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. அந்தக் குண்டு ஒன்றேகால் மைல், அதாவது 2 கிலோமீட்டர் தூரம் போகக்கூடியது. கல்லிலோ தண்ணீரிலோ பட்டுத் திசை மாறி எகிறும். உச்சிக்கிளையில் வானம் பின்புலமாக நிற்கும் அணிலைத் தவறவிட்டால், அல்லது குண்டு அதை ஊடுருவினால், போய் விழுவது அடுத்த பண்ணையில். அணில் தண்டின் மேலோ, தடித்த கிளையின் எதிரிலோ வரும்வரை விசையில் விரல் போகக்கூடாது. வராமல் போனால் அன்றைக்கு அது தப்பிக்கட்டும்.