உள்விளிம்பில் ஒரு முத்திரை

ஒஸ்லோ வாசகருக்கு,

பழம்பொருள் சந்தையில் நீங்கள் பார்த்த ரஷ்ய வெள்ளி சிகரெட் பெட்டி பற்றிய கடிதம் கிடைத்தது. மேலே நீல எனாமல், திறக்கும் இடத்தில் சிறு நீலக்கல். 1906இல் நோர்வே மன்னர் ஹாக்கூனின் முடிசூட்டு விழாவுக்கு ஜார் அனுப்பிய பரிசு என்று விற்பவர் சொன்னாராம். நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நம்பத் தூண்டும் கதைதான். ஹாக்கூனின் மனைவி மோட் அரசியின் தாயும் ஜார் இரண்டாம் நிக்கலஸின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். 1905இல் ஸ்வீடனைவிட்டுப் பிரிந்த நோர்வேயை முதலில் அங்கீகரித்த நாடும் ரஷ்யாதான். ஃபாபெர்ஜே போன்ற கடைகளில் இத்தகைய பெட்டிகளை வாங்கிப் பிறருக்குப் பரிசளிப்பது ஜார் அரண்மனையின் வழக்கம். ஆனால் நடந்திருக்கலாம் என்பது வேறு, நடந்தது என்பது வேறு.

பெட்டியைத் திறந்து உள்விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். '84' என்று இருந்தால் 96 பங்கில் 84 பங்கு வெள்ளி என்று பொருள். நம் நகைகளில் 916 இருப்பது போல. பக்கத்தில் தலையணி தரித்த ஒரு பெண்முகம் இருக்கும். 1899இலிருந்து அது இடப்பக்கம் பார்த்தது. 1908க்குப் பிறகு வலப்பக்கம் திரும்பியது. உங்கள் பெட்டியில் வலப்பக்கம் பார்த்தால் 1906 கதை அங்கேயே முடிந்துவிடும். இடப்பக்கம் பார்த்தாலும் காலம் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லலாம். ஃபாபெர்ஜே முத்திரையைப் போலியாக அடிப்பவர்களும் நிறைய.

அரச தொடர்பைச் சொல்ல எழுத்துச் சான்று வேண்டும். ஜாரின் சித்தப்பாவின் மனைவி மரியா பாவ்லோவ்னாவின் சிகரெட் பெட்டிகள் 1918இல் பெத்ரோகிராதிலிருந்த ஸ்வீடன் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டன. தலையணை உறைகளில் கிடந்த அவை 2009இல் ஸ்வீடன் வெளியுறவு அமைச்சின் சேமிப்பில் கண்டெடுக்கப்பட்டன. யார் கையிலிருந்து எங்கே போயின என்று காட்ட முடிந்ததால்தான் அவற்றை அவருடையவை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

முத்திரைகளில் இன்னொன்றும் இருக்கும்: வேலைத்தலைவரின் முதலெழுத்துகள். ஃபாபெர்ஜேயில் தலைமைப் பொறுப்பில் 1903 வரை மிகயில் பெர்கின், பிறகு ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம். எனக்கு அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் கைவேலைதான் பெட்டியின் உயிர். முதலில் வெள்ளித்தகட்டில் இயந்திரம் நெளிகோடுகளைச் செதுக்கும். அதன்மேல் கண்ணாடிப் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பிச் சூளையில் உருக்குவார்கள்; ஆறியதும் அடுத்த அடுக்கு, மறுபடி சூளை. ஒரு குமிழி விழுந்தாலும் முழு வேலையும் பாழ். எல்லாம் சரியாக அமைந்தால், பெட்டியைச் சாய்க்கும்போது கோடுகள் நீலத்துக்கு அடியில் அலையாக ஓடும். மலிவான வேலையில் அந்த ஆழம் வராது.

இந்தக் கலையைப் பார்க்க ரஷ்யாவுக்குப் போகவும் வேண்டாம். உங்கள் நகரிலேயே 1832இல் தோஸ்த்ருப், 1876இல் டேவிட்-ஆண்டர்சன் கடைகள் தொடங்கின; இரண்டின் எனாமல் வேலையும் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கடைகளின் பழைய கரண்டி ஒன்றையோ மார்பூசி ஒன்றையோ கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். உங்கள் கண்ணே அளவுகோல் ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன் தேர்ந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டுங்கள். காகிதம் இல்லாத ஜார் கதைக்கு ஒரு குரோனர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வேலை நல்லதாக இருந்தால், அதற்குரிய விலையைத் தயங்காமல் கொடுங்கள். அந்தப் பணம் ஒரு தொழிலாளியின் திறமைக்குச் செய்யும் மரியாதை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்